கணவர் பெயர்: மயில்

இதில் யாருக்கும் பெயர் இருக்காது. ஒரே ஒருவரின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்கெல்லாம் பெயர் போட்டால் ஓரவஞ்சனை ஆகிவிடும். அதனால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்திவிடுவதென்று முடிவு செய்திருக்கிறேன்.

அந்த ஒருவர் என் வீட்டுக்காரர். முப்பத்தோரு வருஷமாக அவரை நான் "என்னங்க" என்றுதான் கூப்பிடுகிறேன். கொல்லையில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாலும் சரி, வாசலில் பேப்பருக்குள் தலையை விட்டிருந்தாலும் சரி, கூப்பிட்ட மாத்திரத்தில் "வந்துட்டேன்" என்று பதில் வரும். பதில்தான் வரும், ஆள் வரமாட்டார். "வந்துட்டேன்னா இலக்கணப்படி நீங்க இப்ப என் முன்னாடி நிக்கணும்" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். அதற்கும் "வந்துட்டேன்" என்பார். சாம்பார் ஆறி, அப்பளம் நமுத்து, நான் போய் முறைத்துக்கொண்டு நின்ற பிறகுதான் எழுந்திருப்பார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் எடை மேடையில் அவருக்கு வேலை. நாள் முழுக்க நிலக்கரி லாரிகள் ஏறி இறங்கும். அங்கே போய் வெள்ளைச் சட்டைதான் போடுவேன் என்று அடம். ஒரு நாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் நழுவி விழுந்தது. பாதிக் கன்னத்தில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. "என்னங்க" என்றேன். பதில் வரவில்லை.

பக்கவாதம். கால் மெல்லத் திரும்பியது, கம்பு ஊன்றி நடந்தார். கை பாதி திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொன்னதெல்லாம் புரிந்தது, டிவியில் செய்தி கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்குப் புரிந்தது. வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

அதுவரை நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு செய்யும் கவுன்டரில் இருந்தேன். கண்டிப்பான ஆள் என்று பெயர் வாங்கியிருந்தேன். குழந்தையைப் பதிய வரும் பெண்களிடம் "கணவர் பெயர்?" என்று கேட்பேன். கிராமத்திலிருந்து வந்த வயதான பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். ரேஷன் அட்டையை நீட்டுவார்கள். கூட வந்தவரைப் பார்ப்பார்கள். ஒரு அம்மா என் தலைக்கு மேலே மாட்டியிருந்த காலண்டர் சாமியைக் கண்ணால் காட்டினார். "வாயத் தொறந்து சொல்லுங்களேன், சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று எரிந்து விழுவேன். அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போய் "என்னங்க" என்பேன். என்னிடம்தான் யாரும் கேட்கவில்லையே.

அவருக்குப் பேச்சு நின்று மூன்று மாதம் இருக்கும். மத்தியான வேளையில் ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அச்சு அசல் நம் ஊர் முகம். மூக்கு, நெற்றி, நிற்கிற விதம் எல்லாமே எங்கள் தலத்தெருவில் யார் வீட்டிலோ பார்த்த மாதிரி இருந்தது. "உள்ள வாங்க, யாரு வேணும்?" என்று கேட்டால் ஒன்றும் புரியாமல் சிரித்தார். ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. பிரெஞ்சில் பேசினார். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எனக்குக் கொஞ்சம் மிச்சம் இருப்பது தெரிந்து என் பழைய அலுவலகத்தில்தான் அனுப்பியிருந்தார்கள்.

இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவிலிருந்து வந்திருந்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் எழுதிக் காரைக்காலிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை அங்கே கொண்டுபோனார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அந்தக் கதை அரைகுறையாக எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போன ஒரு பெண்ணின் வழியில் வந்தவர் இவர். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் வைத்திருந்தார். அந்தப் பெண்ணைப் பதிந்த பக்கத்தின் நகல்.

படித்துப் பார்த்தேன். வயது இருபத்திரண்டு. இடது புருவத்தின் மேல் தழும்பு. ஊர்ப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் நசுங்கிக் கிடந்தது. மூன்று முறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் தலத்தெரு என்று விளங்கியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம். திருமணமானவள். கணவர் பெயர் என்ற இடத்தில் "மயில்" என்று எழுதியிருந்தது. ஓரத்தில் வேறு மையில், அப்படி ஒருவன் ஆட்கள் பட்டியலில் இல்லை என்று ஒரு குறிப்பு. அவள் மட்டும் கப்பல் ஏறியிருந்தாள்.

மயில் என்ற ஆளை, வந்தவரின் அப்பா வாழ்நாள் முழுக்கத் தேடினாராம். இவர் பத்து வருஷமாகத் தேடுகிறார். எந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கமாகவும் இருந்தது. எத்தனையோ படித்தவர்கள் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார்கள். கவுன்டரில் உட்கார்ந்த ஒருத்தி பார்த்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவள் பெயரைச் சொல்லவில்லை. "மயில் மேல வர்றவரு" என்று சாமியைக் காட்டியிருக்கிறாள், பெயரை நீயே புரிந்துகொள் என்று. எழுதுகிறவர் காதில் மயில் மட்டும் விழுந்திருக்கிறது.

இதை என் ஓட்டைப் பிரெஞ்சில் விளக்கி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் தாளில் அந்த இடத்தில் விரலை வைத்தார். "அப்படியானால் அவர் பெயர்தான் என்ன?" என்றார். அங்கேதான் சிக்கல். அந்தச் சாமிக்குப் பெயர் ஒன்றா இரண்டா? விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, ஒரு கை முடிந்ததும் நிறுத்திக்கொண்டேன். பிறகு அவர் தன் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் மயில் என்றிருந்தது. அங்கே போய்ப் பிறந்த பிள்ளைக்கும் அதையே எழுதிவிட, ஐந்து தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கே அதுதான் பெயராம்.

அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, கோணல் வாயோடு சிரித்தார். மூன்று மாதத்தில் அவரிடமிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. வந்தவருக்குக் காபியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டேன்.

அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிவிட்டார். தாளின் நகல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. தினமும் மத்தியானம் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். சாப்பாடு முடிந்து அவர் கண்ணயரும் நேரம். கடற்காற்று திரும்பி வீட்டுக்குள் வர ஆரம்பிக்கும். பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாக நானும் சுவரில் சாய்ந்திருப்பேன். அடுப்படி வாசலில் யாரோ உட்கார்ந்து புருவத்துத் தழும்பைத் தடவிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பயமாகவே இருக்காது. பக்கத்துத் தெருக்காரி வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவளிடம் என்னென்னவோ கேட்பேன். நடந்தா வந்தீங்க, வண்டியிலயா? அவரு எங்க நின்னாரு அப்போ? பதில் சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். முழித்துப் பார்த்தால் மடியில் நோட்டு திறந்திருக்கும், நான்கைந்து வரி என் கையெழுத்தில் கோணலாக எழுதியிருக்கும்.

இப்படித்தான் அந்த நாடகம் வளர்ந்தது. ஒரே ஆள் நடிக்கும் நாடகம். அலுவலக ஆண்டு விழாக்களுக்குக் குட்டி நாடகங்கள் எழுதிய பழக்கம் எனக்கு உண்டு. அதில் பத்துப் பேர் வருவார்கள். பத்துப் பேரும் வசனத்தை மறப்பார்கள். இதில் மறப்பதற்கு நான் ஒருத்திதான். மேடையில் ஒரு நாற்காலி, ஒரு துண்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் பதிவு எழுதுகிறவர். எழுந்து நின்றால் அவள். துண்டைத் தோளில் போட்டால் உடம்பைச் சோதிக்கும் வைத்தியர். நாற்காலியைச் சுற்றி நடந்தால் கப்பல்.

எழுதியதை அவருக்குத்தான் படித்துக் காட்டுவேன். பிடித்தால் கண்ணை மூடிக்கொள்வார், பிடிக்காவிட்டால் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்குவார். பதிவு எழுதுகிறவர் காட்சி வரும்போதெல்லாம் விரல் எழுந்தது. அந்த ஆளை நான் படு கொடியவனாக எழுதியிருந்தேன். அதட்டுவான், மேஜையில் குத்துவான், காறித் துப்புவான். "ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றேன். அவர் விரலை மெல்லத் திருப்பி என்னைக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் எப்படியும் பேசப் போவதில்லை என்பதால் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் அந்தக் காட்சியைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். வெயில் தாழ்ந்த நேரம். வரிசையில் இன்னும் நூறு பேர். எழுதுகிறவருக்குத் தாகம். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருக்கிறது. எதிரே ஒருத்தி தலை குனிந்து மயில் என்கிறாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு முறை ஒரு இளம்பெண் வந்துகொண்டிருந்தார். வந்த முதல் நாளே, "சார் பேரச் சொல்லிக் கூப்புடுங்கம்மா, திரும்புறாங்களான்னு பாப்போம்" என்றார். நான் மருந்துச் சீட்டு வைத்திருந்த ஃபைலை நீட்டினேன். அதில் பெயர் இருக்கிறது என்று விரலால் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே, என் கவுன்டருக்கு முன்னால் நின்ற அத்தனை பெண்களும் நினைவுக்கு வந்தார்கள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "சரி, எப்பவும் எப்படிக் கூப்புடுவீங்களோ அப்படியே கூப்புடுங்க" என்றார்.

"என்னங்க" என்றேன். அவர் உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. "யோசிச்சு சொல்ற வார்த்தைதான் கஷ்டம்மா. பழக்கத்துல வர்ற வார்த்தை சில பேருக்கு முதல்ல திரும்பும்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டேன். கொல்லையிலிருந்து, மாடியிலிருந்து, அடுப்படியிலிருந்து. கூப்பிட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். அவர் முயன்று முயன்று பார்த்தார். பிறகு நான் கூப்பிட்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு தடவை கண் கலங்கியிருந்தது. அடுத்த முறை வந்த பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது, "பதிலுக்காக நின்னுக்கிட்டே இருந்தா அதுவும் யோசனையாயிடும்மா, கொஞ்ச நாள் விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். சாப்பாடு ஆனால் தோளைத் தொடுவேன். முப்பத்தோரு வருஷமாகக் கூப்பிட்ட சொல்லை என் வீட்டில் நானே நிறுத்தினேன். அந்தச் சலித்துப்போன "வந்துட்டேன்" இன்னொரு முறை என் காதில் விழுமா என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு கவலை இல்லை.

நாடகத்துக்கு முடிவு கிடைக்காமல் இழுத்துக்கொண்டே போனது. வருஷா வருஷம் பள்ளிக்கூட அரங்கில் நாடக விழா நடத்தும் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. அவரிடம் படிக்கக் கொடுத்தேன். "அருமைங்க. ஆனா கடைசியில அவ பேரச் சொல்லிக் கத்தணும். கப்பல் நகருது, அவ முதல் தடவையா புருஷன் பேரச் சொல்லிக் கத்துறா. அங்கதான் கைதட்டல்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாயே திறக்காத ஒருத்தி வாயைத் திறந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? அந்தக் கணவனுக்கு நானாக ஒரு பெயர் வைத்தேன். கத்திப் பார்த்தேன். யாரோ முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது.

திறந்த வெளியில் கத்தினால் சரியாக வருமோ என்று ஒரு நாள் காலையில் ஆட்டோ வைத்துக்கொண்டு இருவரும் பட்டினச்சேரிக்குப் போனோம். அவரைப் படகு நிழலில் உட்கார வைத்தேன். கடல் வெளுத்துக் கிடந்தது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் நின்ற கப்பல் எதன் மேலும் நிற்காமல் சும்மா தொங்கியது. எனக்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது. இங்கேயா, அரசலாற்று முகத்துவாரத்திலா, எங்கே நின்று அவள் படகு ஏறியிருப்பாள்? கையைக் குவித்து அந்த இட்டுக்கட்டிய பெயரைக் கத்தினேன்.

வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார். "யாரம்மா கூப்புடுறீங்க?"

"கப்பல்ல இருக்குறவங்கள" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவர் கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்கேர்ந்து கத்துனா எப்புடிக் கேக்கும்? செல்லுல அடிங்க" என்றார். பிறகு படகு நிழலில் இருந்தவரைக் காட்டி, "அது யாரு?" என்றார். "வீட்டுக்காரங்க" என்றேன். "அவுங்கள விட்டுட்டு வேற யார் பேரையோ கத்துறீங்களே" என்று சொல்லிவிட்டு மறுபடி வலையை உதறினார். வீடு வந்து சேரும்வரை எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

நாடகம் போட்ட அன்று மத்தியானம் மழை பெய்து, சாயங்காலம் வெறித்திருந்தது. பள்ளிக்கூட அரங்கில் ஈரச் செருப்பு வாசனை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் தெரிந்த முகங்களாக உட்கார்ந்திருந்தார்கள். என் கவுன்டருக்கு வந்து திட்டு வாங்கிய பெண்கள் இரண்டு மூன்று பேரைக்கூடப் பார்த்தேன். அவரை மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரமாக, கம்போடு உட்கார வைத்துவிட்டு மேடைக்குப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

விளக்கு என் மேல் விழுந்ததும் எதிரே எல்லாம் இருட்டாகிவிட்டது. அதன் பிறகு நடந்தது பாதிக்கு மேல் எனக்குத் தெளிவாக நினைவில்லை. தலத்தெருவிலிருந்து நடந்தேன். வரிசையில் நின்றேன். உட்கார்ந்து எழுதினேன். எழுந்து தலை குனிந்து மயில் என்றேன். அரங்கில் பெண்கள் பக்கமிருந்து ஒரு சின்னச் சிரிப்பு எழுந்து அப்படியே அடங்கியது, அவர்களுக்குப் புரிந்துவிட்டது. வைத்தியர் புருவத்தைப் பார்த்தார். படகு முகத்துவாரத்தைத் தாண்டியது. நாற்காலியைச் சுற்றி நடந்தேன், மெதுவாக, மூன்று முறை. பலகை ஆடுவது காலுக்குத் தெரிந்தது. கரையில் கூட்டம் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் அவர் இருக்கிறார், எங்கே என்று தெரியவில்லை. கப்பல் நகர்கிறது.

இங்கே பெயரைக் கத்த வேண்டும். மூச்சை இழுத்தேன். இட்டுக்கட்டிய பெயர் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது அவள் சொல் இல்லை. ஒரு நாளும் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டாள், அவள் குரலில் அந்தப் பெயர் வந்தால் அவருக்கே அடையாளம் தெரிந்திருக்காது. பேராசிரியர் பக்கவாட்டில் நின்று கையசைத்தது தெரிந்தது. எனக்கு முன்னால் இருட்டு மட்டும்தான் இருந்தது. எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்த சொல்தான் வெளியே வந்தது.

"என்னங்க!"

நான் பதிலுக்காக நிற்கவில்லை. பதில் வராத இடம் அது என்றுதான் எழுதியிருந்தேன். கப்பல் இன்னும் தள்ளிப் போயிருந்தது. இன்னும் உரக்க, கொல்லைக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

"என்னங்க!"

மூன்றாவது வரிசையிலிருந்து, கொஞ்சம் குழறலாக, பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு சொல்லும் அதே அசட்டையோடு பதில் வந்தது.

"வந்துட்டேன்."

எனக்கு அதற்கு மேல் ஒரு வசனம் மிச்சமிருந்தது. இன்றுவரை அது என்னவென்று நினைவுக்கு வரவில்லை. கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு இருட்டுக்குள் பார்த்தேன். வெள்ளைச் சட்டை தெரிந்தது. வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.